வெள்ளவத்தை மாடியில் பட்டாணி ஏன் காய்க்கவில்லை?

வாசகியின் கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக உள்ள தொடர்மாடி ஒன்றில் நான்காம் மாடியில் இருக்கிறோம். அம்மா நுவரெலியாவுக்குக் கிட்ட ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். லயத்துக்கு முன்னால் இருந்த துண்டு நிலத்தில் பட்டாணி போட்டு, கொடியிலிருந்து பிடுங்கி, உரித்து, பச்சையாகவே வாயில் போட்ட கதையை 78 வயதிலும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்காக மூன்று தடவை விதைத்துவிட்டேன். மே மாதம், பலசரக்குக் கடைப் பட்டாணியை ஒரு நாள் முழுக்க ஊறவைத்துப் போட்டேன், முளைக்காமலே அழுகியது. ஓகஸ்டில் போட்டது இரண்டடி வளர்ந்து, இலையில் மா தூவியதுபோல் வெளுத்துக் காய்ந்தது. நவம்பர் கடைசியில் போட்டது நன்றாகப் பூத்தது, ஆனால் பூக்கள் காம்போடு உதிர்ந்து மூன்றே மூன்று காய்தான் மிஞ்சியது. விதை விற்கும் கடையில் பூ உதிராமல் இருக்க ஒரு மருந்து அடிக்கச் சொல்கிறார்கள். எந்தப் பசளை போட்டால், எந்த மருந்து அடித்தால் காய்க்கும்?

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மருந்தை வாங்காதீர்கள். பசளையும் வேண்டாம். நவம்பரில் விதைத்த செடிக்கு நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. கொழும்பின் இரவுதான் அந்தப் பூக்களை உதிர்த்தது. இரவைக் குளிரவைக்கும் மருந்து எந்தக் கடையிலும் இல்லை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை குறையும். அந்தக் கணக்கின்படி உங்கள் மாடிக்கும் அம்மாவின் லயத்துக்கும் இடையில் 12 பாகை அளவு வித்தியாசம் உண்டு. பட்டாணி குளிர்தேசத்துச் செடி. 13 முதல் 20 பாகை செல்சியஸ் வரை அதற்குச் சுகம். 27 பாகையைத் தாண்டிய பகல்கள் தொடர்ந்தால் பூவையும் பிஞ்சையும் கைவிடத் தொடங்கும். கொழும்பில் வருடம் முழுக்கப் பகல் 30 பாகையை ஒட்டியே நிற்கிறது. மிகக் குளிர்ந்த டிசம்பர், ஜனவரி இரவுகளிலும் 22 பாகைக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. நுவரெலியாவிலோ அதே மாதங்களில் இரவு 10 பாகைக்கும் கீழே போகும். சில விடியல்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அம்மா அதைப் பார்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள்.

இரவைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், செடி பகலில் சம்பாதித்த சர்க்கரையை இரவில் செலவழித்துத்தான் உயிர் வாழ்கிறது. இரவு குளிர்ந்தால் செலவு குறையும், மிச்சம் காய்க்குப் போகும். இரவும் சூடாக இருந்தால் அன்றைய உழைப்பின் பெரும் பங்கு அன்றிரவே கரைந்துவிடும். கையில் மிச்சம் இல்லாத செடி முதலில் பூவைத்தான் கழற்றிவிடும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மகரந்தம். பட்டாணிப் பூ விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை முடிந்துவிடும். தேனீ வரவேண்டிய தேவையே இல்லை. கிரெகர் மெண்டல் 1856 தொடங்கி எட்டு வருடம் பட்டாணியை வைத்துப் பரம்பரை விதிகளைத் தேடினாரே, அவருக்கு வசதியாக இருந்த குணங்களில் இதுவும் ஒன்று. உங்களுக்கு இதுதான் வினையானது. மொட்டாக இருக்கும்போதே வெயில் மகரந்தத்தைக் கெடுத்துவிடுகிறது. வெள்ளைப் பூ விரிந்து நீங்கள் சந்தோஷப்பட்ட அன்று, உள்ளே காரியம் முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு மேலே எதை அடித்தும் பயனில்லை.

அந்த மூன்று காயும் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஜனவரியில் இரண்டு மூன்று நாள் மேகமூட்டமும் வடகீழ்க் காற்றும் சேர்ந்து வந்தால் இப்படிச் சில மொட்டுகள் தப்பிவிடும்.

முதல் இரண்டு தடவையும் நடந்தது வேறு. மே மாத விதை அழுகியதற்கு மூன்று காரணம் சேர்ந்திருக்கிறது. ஒரு நாள் முழுக்க ஊறிய பட்டாணிக்குள் காற்றில்லாமல் போய்விடும். நம் சூட்டில் எட்டு மணித்தியாலமே தாராளம், அதற்குள் ஒரு தடவை தண்ணீரை மாற்றவும் வேண்டும். அதோடு அது தென்மேற்கு மழைக்காலம். சாடி மண் சூடாகவும் ஈரமாகவும் இருந்தால் விதை முளைக்கும் முன்னே பூஞ்சணம் முந்திக்கொள்ளும். கடைப் பட்டாணி எத்தனை மாதம் சாக்கில் கிடந்ததோ, கொழும்பின் ஈரக்காற்றில் விதையின் உயிர் சீக்கிரம் போய்விடும். இனி எந்த விதை வாங்கினாலும் பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி நான்கு நாள் வைத்துப் பாருங்கள். ஏழுக்குக் குறைவாக முளைத்தால் அதை மண்ணில் போடாதீர்கள்.

ஓகஸ்டில் வந்தது வெண்தூள் நோய். பட்டாணியைச் சூட்டில் வளர்த்தால் ஏறக்குறைய நிச்சயமாக வரும். இலை நனையாவிட்டாலும் பரவும், நெருக்கமான கொடியில் இன்னும் வேகமாகப் பரவும். உங்கள் மாடிக்கு அந்த மாதங்களில் கடற்காற்று நேராக அடிக்கும் என்பதால் இலையில் உப்பும் படிந்திருக்கும். பட்டாணி உப்பைத் தாங்காத இனம். போஞ்சியும் அப்படித்தான். கடற்கரைப் பக்கம் வீட்டுத்தோட்டம் செய்கிறவர்கள் மே தொடக்கம் செப்டெம்பர் வரை வாரத்தில் இரண்டு காலை இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுவது நல்லது.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அம்மா கேட்பது ஒன்றல்ல, இரண்டு என்று தோன்றியது. ஒன்று பச்சைப் பட்டாணியின் அந்த இனிப்பு. மற்றது மடியில் சுளகை வைத்துக்கொண்டு காயை உரிக்கும் வேலை. இரண்டையும் ஒரே செடியிடம் கேட்டதால்தான் கொழும்பு மறுத்தது. பிரித்துக் கேட்டால் இரண்டும் கிடைக்கும்.

இனிப்புக்குப் பட்டாணிக் கொழுந்து போடுங்கள். செடி பூக்க வேண்டியதில்லை, காய்க்க வேண்டியதில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் வளர்ந்தால் போதும். அந்த இளந்தளிரைக் கிள்ளி வாயில் போட்டால் பச்சைப் பட்டாணியின் ருசி அப்படியே இருக்கும். இதற்கு வெயிலே தேவையில்லை, நல்ல வெளிச்சமுள்ள சமையலறை யன்னல் போதும். மீன்கடையில் கேட்டால் பழைய ரெஜிபோம் பெட்டி கிடைக்கும். நன்றாகக் கழுவி அடியில் பத்துப் பன்னிரண்டு துளை போடுங்கள். தும்புத்தூளை இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்து, இரண்டு அங்குல உயரத்துக்கு நிரப்புங்கள். அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு வேரைச் சுடும். முழுப் பட்டாணியை எட்டு மணித்தியாலம் ஊறவைத்து, ஒன்றோடொன்று தொடும்படி ஒரே அடுக்காகப் பரப்பி, மேலே அரை அங்குலம் தும்புத்தூள் தூவி, ஈரக் கடதாசியால் மூன்று நாள் மூடிவையுங்கள். முளை தலைகாட்டியதும் மூடியதை எடுத்துவிட்டு, காலையில் மட்டும் தண்ணீர் தெளியுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பயிரிட என்று பாக்கெட்டில் விற்கும் விதைகளில் சிலவற்றுக்குப் பூஞ்சணக் கொல்லி பூசி, இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ நிறம் ஏற்றியிருப்பார்கள். கொழுந்துக்கு அதைப் பாவிக்கவே கூடாது. சாப்பிட விற்கும் முழுப் பட்டாணியைத்தான் எடுக்க வேண்டும். உடைத்த பருப்பு முளைக்காது. உறைந்த பச்சைப் பட்டாணியும் முளைக்காது, அதைக் கொதிநீரில் காட்டித்தான் உறையவைக்கிறார்கள். பூச்செடியாக விற்கும் ஸ்வீட் பீ வேறு இனம். அதன் விதை நஞ்சு, தளிரையும் சாப்பிடக் கூடாது.

அரை அடி உயரம் வந்ததும் கிள்ளலாம். இந்த வேலையை அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும் விரல்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: தண்டின் அடியில் முதலாவது சின்ன இலை இருக்கும் கணுவை விட்டு, அதற்கு மேலே கிள்ள வேண்டும். பட்டாணியின் பருப்பு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். பயறுபோல மேலே வராது. அதனால் மேலே கிள்ளுப்பட்டாலும் அந்தக் கணுவிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். இரண்டாவது தடவை கொஞ்சம் மெலிந்துதான் வரும், மூன்றாவதை எதிர்பார்க்க வேண்டாம். வறை செய்வதென்றால் தேங்காய்ப்பூ, வெங்காயம், பச்சைமிளகாய் எல்லாம் வதங்கிய பிறகு கடைசி நிமிடத்தில் போட்டு இறக்குங்கள். முதலில் போட்டால் நார்போல் ஆகிவிடும். கிழமைக்கு ஒரு பெட்டி என்று மாற்றி மாற்றிப் போட்டால் வருடம் முழுக்க வீட்டில் பட்டாணி மணம் இருக்கும்.

உரிப்பதற்கு மொச்சை. மலையகத்தில் பிறந்தவருக்கு மொச்சையை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. தைப்பொங்கல் காலத்துக் குழம்பு நினைவுக்கு வந்திருக்கும். பட்டாணியைப் போலவே பச்சைக் காயை உரித்துக் கொட்டையை எடுப்பதுதான். சூட்டுக்கு அஞ்சாது. பகல் பொழுது சுருங்கும்போது பூக்கும் குணமுள்ள பழைய கொடிவகை மொச்சையை ஓகஸ்ட் முதற்பாதியில் விதைத்தால், நவம்பர் டிசம்பரில் பூத்து, தை பிறக்கும் நேரத்துக்குக் கொட்டை முற்றும். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும். ஏப்ரலில் விதைத்தால் மாதக்கணக்கில் இலையும் கொடியுமாகப் படர்ந்து உங்களைக் களைப்படையச் செய்யும்.

ஒன்றரை அடி அகலமும் அதே ஆழமும் உள்ள சாடியில் ஒரு கொடி மட்டும் வையுங்கள். மண்ணில் மூன்றில் ஒரு பங்கு கூட்டெரு போதும். மாட்டெருவை அள்ளிப் போட்டால் கொடி செழிக்கும், பூ வராது. சாடியைக் கொங்கிறீட் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் சாடி என்றால் சுற்றிலும் சணல்சாக்கைக் கட்டுங்கள். மாடியில் செடி வாடுவது பல வீடுகளில் வெயிலால் அல்ல, வேர் வெந்துபோவதால்தான். சாடிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் எடுத்துவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் வேரும் அழுகும், நுளம்பும் பெருகும். டெங்கு இருக்கும் நகரத்தில் இதைக் கவனிக்காமல் தோட்டம் செய்வது அக்கம்பக்கத்துக்குச் செய்யும் தீங்கு.

மொச்சையில் கறுப்பு அசுவினி நுனிக்கொழுந்தில் மொய்க்கும். எறும்பு வரிசையாக ஏறுவதைக் கண்டாலே அசுவினி வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். குறையாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சவர்க்காரத் திரவம் கலந்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்து, மறுநாள் காலை கழுவிவிடலாம். மருந்துக்கடைக்குப் போகும் தேவை வராது.

அம்மாவிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: மொச்சையைப் பட்டாணிபோல் பச்சையாக வாயில் போடக் கூடாது. அதில் சயனைட்டாக மாறும் பொருள் உண்டு, முற்றிய கொட்டையில் அதிகம். பச்சைக் கொட்டையைத் திறந்த பாத்திரத்தில் நன்றாக அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். காய்ந்த கொட்டை என்றால் இரவு முழுக்க ஊறவைத்து, ஊறிய தண்ணீரையும் அவித்த தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும். உரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பட்டாணிக் கொழுந்தை வைத்துவிடுங்கள்.

இப்போது காலியாக நிற்கும் கொடிப்பந்தலுக்குப் பயற்றங்காய். மரக்கறிக் கடையில் சிங்களத்தில் மே கரல் என்று கேட்டு வாங்குவீர்களே, அதுதான். இது இந்தச் சூட்டின் பிள்ளை. பட்டாணி மறுக்கிற அதே மாடியில் ஐம்பது அறுபது நாளில் காய் தரும். ஏப்ரலில் முதல் மழை விழுந்ததும் ஒரு அங்குல ஆழத்தில், ஒரு பெரிய சாடிக்கு இரண்டு செடியாகப் போடுங்கள். ஏழடிக் கயிறு கட்டுங்கள். நாற்று இரண்டு மூன்று இலையில் நிற்கும்போது திடீரென்று மஞ்சளித்து, தண்டின் அடி வீங்கி வெடித்தால் அது அவரை ஈயின் வேலை. பிடுங்கி எறிய அவசரப்படாதீர்கள். தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் மண் அணைத்தால் அதற்கு மேலிருந்து புது வேர் விட்டுப் பல செடிகள் பிழைத்துவிடும்.

காயைப் பறிக்கும்போது காம்பின் நுனியில் உள்ள முடிச்சைச் சேர்த்து இழுக்காதீர்கள். அடுத்த பூ அதே இடத்திலிருந்துதான் வரும். பலர் இதைத் தெரியாமல் கொத்தோடு பிய்த்துவிட்டு, இரண்டே தடவையில் கொடி ஓய்ந்துவிட்டது என்று எழுதுகிறார்கள். பூத்துப் பத்துப் பன்னிரண்டு நாளில், கொட்டை வெளியே புடைக்கும் முன்னே, ஒன்றுவிட்டு ஒரு நாள் பறியுங்கள். ஒரு காயை முற்ற விட்டாலும் கொடி தன் வேலை முடிந்ததென்று பூப்பதைக் குறைத்துவிடும். பூக்கள் நூலாம்படையால் பின்னியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் உள்ளே காய் துளைக்கும் புழு இருக்கிறது. அந்தப் பூவைக் கிள்ளி நசுக்கிவிடுங்கள்.

பையில் வாங்கிய கலவை மட்டும் போட்டிருந்தால், பயற்றங்காய் விளைந்த இடத்திலிருந்து இரண்டு கைப்பிடி மண் கொண்டுவந்து கலக்க முடியுமா என்று பாருங்கள். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுக்கும் பக்டீரியா பயற்றங்காய்க் குடும்பத்துக்கு நம் மண்ணிலேயே இருக்கிறது. பட்டாணிக்கு வேண்டியது வேறு வகை. கொடி பூக்கும் பருவத்தில் பக்கவேர் ஒன்றை மெதுவாகத் தோண்டிக் கழுவி, அதிலுள்ள முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இரத்தம்போல் சிவந்திருந்தால் அது வேலை செய்திருக்கிறது; வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகும் அம்மாவின் கையில் ஒரு பட்டாணிக் காயையாவது வைக்க வேண்டும் என்று மனம் கேட்கும். அதைத் தடுக்க எனக்கு மனமில்லை. அப்படியானால் நவம்பர் 25இற்கும் டிசம்பர் 5இற்கும் இடையில் விதையுங்கள், ஜனவரி நடுவில், வருடத்திலேயே குளிர்ந்த இரவுகளில் பூக்கும். தட்டைக் காயாகவே சாப்பிடும் குட்டை வகையைத் தேடி வாங்குங்கள். அதற்குள் கொட்டை நிறைய வேண்டிய அவசியம் இல்லாததால் பூத்து ஒரு கிழமையில் பறித்துவிடலாம், செடி சூட்டோடு போராடும் நாள் குறையும். காலை வெயில் பதினொரு மணிவரை படும் கிழக்குப் பக்கமாக வைத்து, பிறகு நிழல் கொடுங்கள். நான்கு சாடி வைத்தால் ஒரு கை நிறையக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அந்தச் செடியிடம் அதற்கு மேல் கேட்காதீர்கள்.

மேலும் சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். உங்கள் பிரிவின் விவசாய போதனாசிரியரையும் கேட்கலாம். வாடிய செடியைப் படம் எடுத்துக் காட்டினால் அவர்களுக்கு எளிது.

பட்டாணிக் கொழுந்துப் பெட்டியை இந்தக் கிழமையே தொடங்குங்கள். பந்தலைப் பிரிக்க வேண்டாம். ஏப்ரல் தொடக்கம் ஜூலைவரை அதில் பயற்றங்காய் ஏறட்டும், அது ஓய்ந்ததும் வேரை மண்ணிலேயே விட்டுத் தண்டை மட்டும் வெட்டிவிட்டு, பக்கத்திலேயே மொச்சையை ஊன்றுங்கள்.